ஒரு பாட்டும் இரு வேகமும்

பழையதைப் பழிப்பவர் பழையதையே எடுத்துப் பாடினால் அதற்கு என்ன பொருள்? மேனாட்டு இளைஞர் இசையில் இவ்வினாவுக்கு நல்ல எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. பிளாக் சப்பாத் குழுவினரின் ‘பாரனாய்டு’ என்னும் பாட்டை டிக்கீஸ் என்னும் பங்க் குழுவினர் பாடியதே அது. நம் விடுதி நண்பர்கள் சிலர் இதனை வெறுங் கேலிக்கூத்து என்று ஒதுக்குகின்றனர். எனக்கு அஃது உடன்பாடன்று. காரணம் கூறுகிறேன்.

முதலில் மூலப் பாட்டு. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில், ஆஸ்டன் என்னும் தொழிலாளர் பகுதி இளைஞர் நால்வர் 1968-இல் தொடங்கிய குழு பிளாக் சப்பாத். கிதார் வாசித்த டோனி அயோமிக்கு 17 வயதில் உலோகத் தகட்டு ஆலையொன்றில் விபத்து நேர்ந்து, வலக்கை விரல்கள் இரண்டின் நுனிகள் போயின. இடக்கைப் பழக்கமுள்ள அவருக்குத் தந்தியை அழுத்தும் கை அதுவே. அவர் சோர்ந்துவிடவில்லை, பிளாஸ்டிக்கை உருக்கி விரலுறை செய்துகொண்டார், மெல்லிய தந்திகளைப் பூட்டினார். 1970-இல் இரண்டாம் இசைத்தட்டை நிரப்பப் பாட்டுப் போதவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க விரைந்து கட்டியதுதான் ‘பாரனாய்டு’. மூன்று நிமிடத்துக்கும் குறைந்த அப்பாட்டு இங்கிலாந்து விற்பனைப் பட்டியலில் 4-ஆம் இடம் பெற்றது.

இயற்பியல் படிக்கும் எனக்கு அதன் ஓசையமைப்பு வியப்பளிக்கிறது. பாட்டின் பெரும்பகுதி ச, ப என்னும் இரு சுரங்களைச் சேர்த்து மீட்டும் எளிய பிடிகளால் ஆனது. அவற்றின் அதிர்வெண்கள் 2-க்கு 3 என்னும் விகிதத்தில் அமையும். ஒலிபெருக்கியை அதன் அளவுக்கு மேல் முடுக்கினால் ஒலி சிதையும். அப்போது இரு அதிர்வெண்களின் கூட்டலும் கழித்தலும் புதிய ஒலிகளாய்ப் பிறக்கும். 200, 300 என்று இரண்டை அனுப்பினால் 100, 500 ஆகியவையும் உடன்வரும். அந்த 100 கீழ்த்தாயிச் சட்சமே அன்றோ! ஆகவே இரு தந்திகளே பெரும் பாறைபோல் ஒலிக்கின்றன. சுரங்களை மேலும் அடுக்கினால் சிதைவில் ஒலி கலங்கிவிடும். எளிய பிடியோ எத்துணை விரைந்து மீட்டினும் தெளிவு கெடுவதில்லை.

இந்தத் தெளிவே பங்க் இசைக்கும் கைகொடுத்தது. 1970-களின் நடுவில் ராக் இசை நீண்ட தனி ஆவர்த்தனங்களும் பேரரங்குகளுமாய் வளர்ந்திருந்தது. அதை எதிர்த்து எழுந்தவர்கள் பங்க் இளைஞர்கள். அவர்களுள் ராமோன்ஸ் குழுவினர் 1976-இல் தம் முதல் இசைத்தட்டில் 14 பாட்டுகளை 30 நிமிடத்துக்குள் முடித்தனர். 1977-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் தோன்றிய டிக்கீஸ் குழுவினரும் அவ்வழியினரே. 1979-இல் வெளிவந்த அவர்கள் முதல் இசைத்தட்டில் ‘பாரனாய்டு’ இடம்பெற்றது. வேகம் கூடிற்று, குரல் கேலிச் சித்திரப் பாத்திரத்தின் குரல்போல் உயர்ந்து ஒலித்தது. ஆயினும் மூலத்தின் எலும்புக்கூடு அப்படியே நின்றது. எதிர்த்த பொருளுக்குள்ளேயே தம் விதை இருந்ததை அவர்கள் கண்டுகொண்டனர் என்பேன்.

சிரிப்பு இங்கே தகுமா என்று கேட்பீர்கள். பாட்டின் சொற்களை எழுதியவர் கீசர் பட்லர். பொருள், மகிழ்ச்சி அற்றுப்போன ஓர் உள்ளத்தின் துயரம். வீட்டை விட்டு வந்து இங்கே முதல் குளிர்காலத்தைக் கழித்தபோது அத்தகைய நாட்களை நானும் அறிந்தேன். யாரிடமும் சொல்ல நா எழாது. அந்நாட்களில் மூலப் பாட்டு என்னருகே அமர்ந்திருந்தது. டிக்கீஸ் பாட்டோ கையைப் பிடித்து எழுப்பி வெளியே இழுத்துச் சென்றது. துயரத்தை விரைந்து பாடிச் சிரிப்பது துயருற்றவரை இகழ்வதாகாது. சிரிக்க முடிகிற அளவுக்குத் துயரம் சிறுத்துப்போகிறது, அவ்வளவே.

2025 ஜூலை 5-இல் ஆஸ்டனில் உள்ள வில்லா பார்க் மைதானத்தில் பிளாக் சப்பாத் தன் இறுதி நிகழ்ச்சியை நடத்தியது. கடைசியாக ஒலித்த பாட்டு ‘பாரனாய்டு’தான். அம்மாதம் 22-ஆம் நாள் பாடகர் ஆசி ஆஸ்பர்ன் மறைந்தார்.

நண்பர்களே, இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். அறையில் தனித்திருக்கும் தோழன் ஒருவன் இருந்தால் அவனையும் அழைத்துக் கேளுங்கள்.