மாவுப்பூச்சியா, அதைத் தின்னும் பூச்சியா? ஸ்ப்ரே அடிக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டைத் தாண்டி மதுராந்தகம் போகும் வழியில் இருக்கிறது படாளம். சர்க்கரை ஆலையும், வேடந்தாங்கலுக்குத் திரும்பும் கூட்டு ரோடும்தான் ஊரின் அடையாளம். இந்தப் பக்கம் கொஞ்சம் இடம் வாங்கி, சனி, ஞாயிறு மட்டும் வந்து கத்தரி, வெண்டை, மிளகாய் போடுகிறவர்களுக்கு ஒரு தலைவலி உண்டு. போன வாரம் பளபளன்னு இருந்த செடி, இந்த வாரம் வந்து பார்த்தால் சுருண்டு கிடக்கும். இலையைத் திருப்பினால் அடியில் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு.

உடனே கை போனுக்குப் போகும். "இதுக்கு என்ன அடிக்கலாம்?" என்பதுதான் முதல் கேள்வி. ஆனால், அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "இது யாரு?" அதைக் கேட்காமல் அடித்தால், திங்கள் முதல் வெள்ளி வரை ஆளில்லாத தோட்டத்தைக் காவல் காக்கும் பூச்சிகளும் சேர்ந்து செத்துப்போகும்.

ஒரே வெள்ளை, இரண்டு பூச்சிகள்

மாவுப்பூச்சி செடியின் சாற்றை உறிஞ்சி வாழ்வது. உடம்பைச் சுற்றி மெழுகு போன்ற வெள்ளைப் பூச்சு இருப்பதால், தண்ணீரில் கலந்து அடிக்கும் மருந்து உள்ளே இறங்குவது கஷ்டம். வெயில் ஏற ஏற வேகமாகப் பெருகும். நல்ல மழை பெய்தால் குறையும்.

இந்தப் பூச்சியைத் தின்பதற்கென்றே ஒரு பொறிவண்டு இருக்கிறது. பெயர் கிரிப்டோலேமஸ். காபிச் செடியின் செதில் பூச்சியை ஒழிப்பதற்காக 1898-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. சிக்கல் என்னவென்றால், இதன் புழுவும் அதே மாதிரி வெள்ளை மெழுகோடுதான் இருக்கும். தெரியாதவர்கள், "எவ்ளோ பெரிய மாவுப்பூச்சி!" என்று முதலில் நசுக்குவது இதைத்தான்.

வித்தியாசம் கண்டுபிடிப்பது சுலபம். மாவுப்பூச்சி சுமார் 3 மில்லிமீட்டர்தான் இருக்கும். கூட்டமாக ஒட்டிக்கொண்டு, தொட்டாலும் பெரிதாக நகராது. பொறிவண்டின் புழு ஒரு சென்டிமீட்டருக்கு மேலும் வளரும். மெழுகு இழைகள் நீளமாகத் தொங்கும். குச்சியால் தொட்டால் விறுவிறுன்னு நடக்கும்.

தமிழகம் படித்த பாடம்

நல்ல பூச்சியை நம்பலாமா என்ற சந்தேகத்துக்குத் தமிழ்நாட்டிலேயே பதில் இருக்கிறது. 2008-ல் கோவையில் ஒரு புது மாவுப்பூச்சி கண்டறியப்பட்டது. மெக்சிகோ பக்கத்தைப் பூர்வீகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி அது. பெயரில்தான் பப்பாளி. மரவள்ளி, மல்பெரி, பருத்தி, கத்தரி, செம்பருத்தி என்று எதையும் விட்டுவைக்கவில்லை. மல்பெரியை நம்பியிருந்த பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்குப் பலத்த அடி. மருந்து அடித்தாலும் கொஞ்ச நாளில் மறுபடியும் வந்தது. சொந்த நாட்டில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்த எதிரிகள் இங்கே இல்லை என்பதுதான் காரணம்.

அந்த எதிரிகளையே வரவழைப்பது என்று முடிவானது. அமெரிக்க வேளாண் துறையின் உதவியோடு, 2010-ல் போர்ட்டோ ரிகோ தீவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகள் பெங்களூரில் உள்ள மத்திய அரசின் பூச்சி ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வந்தன. சோதனைகளுக்குப் பிறகு, தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் அவற்றைப் பெருக்கி மாவட்டங்களுக்குக் கொடுத்தது. அவற்றில் நன்றாக வேலை செய்தது 'அசெரோபேகஸ் பப்பாயே' என்ற குளவி. ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, மனிதர்களைக் கொட்டாது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள்ளேயே முட்டை இடும். பொரிக்கும் புழு உள்ளிருந்தே தின்று முடித்துவிட்டு வெளியே வரும். குளவி விட்ட வயலில் மருந்து அடிக்க வேண்டாம் என்று விவசாயிகளுக்கு அறிவுறுத்தப்பட்டது. சில மாதங்களிலேயே பூச்சி கட்டுக்குள் வந்தது.

'ஆர்கானிக்' ஸ்ப்ரேயும் ஸ்ப்ரேதான்

"இயற்கை மருந்துதானே, எவ்வளவு அடிச்சா என்ன?" என்று பலர் நினைக்கிறார்கள். சோப்புத் தண்ணீருக்கு நல்ல பூச்சி, கெட்ட பூச்சி தெரியாது. மேலே பட்டால் அசுவினியும் சாகும், அதைத் தின்ன வந்த பொறிவண்டுப் புழுவும் சாகும். இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் அரைத்த 3ஜி கரைசலையும் வாரா வாரம் கணக்கு வைத்து அடிக்கத் தேவையில்லை. இன்னொரு விஷயம்: தீமை செய்யும் பூச்சி வேகமாகப் பெருகும், அதைத் தின்னும் பூச்சி மெதுவாகத்தான் பெருகும். ரெண்டையும் அழித்தால் முதலில் திரும்பி வருவது எது என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்போ என்னதான் செய்யலாம்?

முதலில் பத்து நிமிடம் இலைகளின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். நூல் காம்பின் நுனியில் சின்ன முட்டைகள் நின்றால் அது கண்ணாடி இறக்கைப் பூச்சி, நம்ம ஆள். உப்பிப்போய்ப் பழுப்பு நிறமான அசுவினிகள் தெரிந்தால் குளவி ஏற்கெனவே வேலையைத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்தச் செடியை ஒரு வாரம் விட்டுவிடலாம்.

அடுத்து, எறும்பைக் கவனியுங்கள். மாவுப்பூச்சி, அசுவினி விடும் இனிப்புத் திரவத்துக்காக எறும்புகள் அவற்றுக்குக் காவல் நிற்கும், பொறிவண்டை விரட்டும். எறும்புப் பாதையை அடைத்தாலே பாதி வேலை முடிந்தது.

நல்ல பூச்சி எதுவுமே இல்லை, கெட்டது மட்டும் ஏறிக்கொண்டே போகிறது என்றால் மோசமான கிளையை வெட்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். மற்றதைக் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் வேப்பங்கொட்டைக் கரைசல். லிட்டருக்கு 50 கிராம் பருப்பை இடித்து, இரவு முழுக்க ஊறவைத்து, துணியில் வடிகட்டி, கொஞ்சம் சோப்பு சேர்த்து, பாதிக்கப்பட்ட செடிக்கு மட்டும் அடிக்கலாம். மாலையில் அடிப்பது நல்லது. வேம்பின் வீரியம் வெயிலில் குறையும். தேனீக்களும் அந்த நேரத்தில் குறைவு.

வரப்பு ஓரம் தட்டைப்பயறு போட்டால் அதில் அசுவினி வரும். வரட்டும். அதைத் தின்ன வரும் பொறிவண்டு அங்கிருந்து கத்தரிக்கும் வெண்டைக்கும் போகும்.

எதுக்கு ஸ்ப்ரே பயன்படாது?

கத்தரியின் நுனித்தண்டு மட்டும் வாடித் தொங்கினால் உள்ளே தண்டு, காய்த்துளைப்பான் புழு இருக்கிறது. வெளியே அடிப்பது உள்ளே போகாது. வாடிய நுனியைப் புழுவோடு கிள்ளி அழிப்பதும், ஓட்டை விழுந்த காயைச் செடியிலேயே விடாமல் இருப்பதும்தான் வழி. இனக்கவர்ச்சிப் பொறி ஆண் அந்துப்பூச்சியைப் பிடிக்கும். வெண்டை இலையின் நரம்புகள் மஞ்சளானால் அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். அதற்கு மருந்தே கிடையாது. செடியைப் பிடுங்கிவிட வேண்டியதுதான். தயங்கினால் பக்கத்துச் செடிகளுக்கும் போகும்.

படாளம் கூட்டு ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் வரும் வேடந்தாங்கலில், பறவைகளைச் சுடக் கூடாது என்று ஊர்க்காரர்கள் 1798-லேயே கலெக்டரிடம் எழுதி வாங்கினார்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் தங்கள் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கத்தரி இலைக்கு அடியில் ஊர்ந்துபோகும் அந்த வெள்ளைப் புழுவும் அப்படித்தான். அடுத்த சனிக்கிழமை ஸ்ப்ரேயரை எடுக்கும் முன் ஒரு குச்சியால் அதைத் தொட்டுப் பாருங்கள். விறுவிறுன்னு நடந்தால், விட்டுவிடுங்கள்.