நான்கு மீட்டருக்குள் ஒரு குடும்பக் கார்

இந்தியச் சாலைகளில் ஓடும் சிறிய செடான்களின் பின்பகுதி, வளர்ந்துகொண்டிருக்கும்போதே நறுக்கப்பட்டதுபோல் குட்டையாக முடிவதற்குக் காரணம் வடிவமைப்பாளரின் விருப்பம் அன்று, வரிச் சட்டம். 2006ஆம் ஆண்டு மத்திய அரசின் வரவுசெலவுத் திட்டம், நீளத்தில் 4,000 மி.மீட்டரைத் தாண்டாமலும், பெட்ரோல் எஞ்சின் என்றால் 1,200 சி.சி.க்கும் டீசல் எஞ்சின் என்றால் 1,500 சி.சி.க்கும் மேற்படாமலும் இருக்கும் வண்டிகளைச் சிறிய கார்கள் என வகுத்து, அவற்றின் மீதான கலால் வரியை 24 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகக் குறைத்தது. எஞ்சினுக்கு ஒன்று, பயணிகளுக்கு ஒன்று, சுமைக்கு ஒன்று என மூன்று தனிப் பெட்டிகளாக அமைந்த காரையே செடான் என்கிறோம். இந்த மூன்றையும் நான்கு மீட்டருக்குள் அடக்குவது எளிதன்று. 2008இல் டாட்டா நிறுவனம் இண்டிகோ சி.எஸ். என்னும் வண்டியில் அதை முதலில் செய்து காட்டியது. அதே ஆண்டு வெளிவந்த மாருதி சுசுகி டிசையர் 4,160 மி.மீ. நீளத்துடன் பிறந்து, 2012இல் 3,995 மி.மீட்டராகக் குறுகியது, அன்றுமுதல் இன்றுவரை அதன் நீளம் ஒரு மி.மீட்டர்கூட மாறவில்லை.

பின்னர் வந்த ஜி.எஸ்.டி.யும் இந்த எல்லைக்கோட்டை அழிக்கவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல், இவ்வகைப் பெட்ரோல் கார்கள் மீதிருந்த 28 விழுக்காடு வரியும் ஒரு விழுக்காடு கூடுதல் தீர்வையும் நீக்கப்பட்டு 18 விழுக்காடு மட்டும் விதிக்கப்படுவதால், ஆறேகால் இலட்சம் ரூபாய் ஷோரூம் விலையில் தொடங்கும் ஒரு செடானை வாங்குவது பல நடுத்தரக் குடும்பங்களுக்கு மீண்டும் எட்டக்கூடியதாகியுள்ளது. அவ்வாறு எண்ணும் குடும்பம் எவற்றையெல்லாம் அளந்து பார்க்க வேண்டும் என்பதை, 2024 டிசம்பரிலேயே 30 இலட்சம் என்னும் உற்பத்தி எண்ணிக்கையைக் கடந்துவிட்ட டிசையரை முன்வைத்து ஆராய்வது பொருத்தமாக இருக்கும்.

முதலில் எழ வேண்டிய கேள்வி, செடான் தேவைதானா என்பது. டிசையரும், அதே நிறுவனத்தின் ஸ்விஃப்ட் என்னும் ஹேட்ச்பேக்கும், அதாவது சுமைக்கெனத் தனிப் பெட்டி இல்லாமல் பின்கதவோடு முடியும் காரும், ஒரே அடித்தளத்தில் ஒரே எஞ்சினுடன் கட்டப்பட்டவை; முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைப்பட்ட தூரம் இரண்டிலும் 2,450 மி.மீ.தான். நீளத்தில் உள்ள வேறுபாடு 135 மி.மீ., டிக்கியின் கொள்ளளவில் உள்ள வேறுபாடு 117 லிட்டர். ஸ்விஃப்ட்டில் 265, டிசையரில் 382. ஆகவே இரண்டின் தொடக்க விலைக்கும் இடையே உள்ள ஏறத்தாழ அரை இலட்சம் ரூபாயைக் கொடுத்துப் பெறுவது பெரும்பாலும் அந்த டிக்கியையும், சற்றே வசதியாக அமைக்கப்பட்ட பின்னிருக்கையையும்தான். மாதத்திற்கு ஒருமுறையேனும் பெட்டிகளோடு சொந்த ஊருக்குச் செல்லும் நால்வர் கொண்ட குடும்பத்திற்கு அது நியாயமான விலை. பெரும்பாலும் ஒருவரோ இருவரோ நகரத்துக்குள் மட்டும் ஓட்டப்போகும் வண்டி என்றால் அந்தப் பணம் வீண்.

ஐந்து பேர் அமரலாம் என்று பதிவுச் சான்றிதழ் சொன்னாலும், 1,735 மி.மீ. அகலமுள்ள வண்டியின் பின்வரிசையில் மூன்று பெரியவர்கள் தோள் உரசாமல் நெடுந்தூரம் செல்ல இயலாது. இரு பெரியவர்களும் ஒரு குழந்தையும் என்பதே உண்மையான கணக்கு. அதேபோல், தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் இடையேயான இடைவெளி 163 மி.மீ. எனக் குறிப்பிடப்படுவது ஆளும் சுமையும் ஏறாத நிலையில் எடுத்த அளவாகும். ஐவரும் டிக்கி நிறையச் சாமான்களும் ஏறியபின் பின்புற ஸ்பிரிங்குகள் அமிழ்ந்து அந்த இடைவெளி குறைவதால், அளவுமீறி உயர்த்திக் கட்டப்பட்ட ஊர்ப்புற வேகத்தடைகளில் குறுக்காக, மெதுவாக ஏறி இறங்கும் பழக்கம் தேவைப்படும். முழங்கால் வலியுள்ள முதியவர்கள் தாழ்ந்த இருக்கையில் அமர்ந்து எழுவது உயரமான வண்டிகளைவிடக் கடினம் என்பதையும் வாங்குவதற்கு முன்பே நினைவில் கொள்வது நல்லது.

நான்காம் தலைமுறை டிசையரில் உள்ள 1.2 லிட்டர் எஞ்சின், முந்தைய தலைமுறையில் இருந்ததுபோல் நான்கு சிலிண்டர் கொண்டதன்று. மூன்று சிலிண்டர் கொண்டது. ஒரு சிலிண்டர் குறையும்போது உரசும் பாகங்கள் குறைந்து எரிபொருள் மிச்சமாகிறது. ஆனால் எரிதல் நிகழும் இடைவெளிகள் அகன்றுவிடுவதால், வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போதும் மிகக் குறைந்த வேகத்திலும் மெல்லிய அதிர்வு உணரப்படுகிறது. ஏறத்தாழ 81 குதிரைத்திறன் என்பது நகரத்துக்கும் நான்குவழிச் சாலைக்கும் தாராளமாகப் போதும். முழுச் சுமையுடன் ஏற்காட்டுக்கோ குன்னூருக்கோ ஏறும்போது குளிரூட்டியும் ஓடிக்கொண்டிருந்தால், கியரை அடிக்கடி குறைத்து எஞ்சினை முடுக்கித்தான் ஏற வேண்டியிருக்கும். இது இந்த ஒரு வண்டியின் குறையன்று. வரிச்சலுகை 1,200 சி.சி.யோடு நின்றுவிடுவதால் இந்த வகை முழுவதற்கும் அமைந்த எல்லை.

மைலேஜ் என்று விளம்பரத்தில் அச்சிடப்படும் எண்ணைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் குறைந்த செலவை நாடுபவர் பெரும்பாலும் அந்த எண்ணை நம்பியே முடிவெடுக்கிறார். டிசையரின் பெட்ரோல் கியர் வண்டிக்குக் கூறப்படும் லிட்டருக்கு 24.79 கிலோமீட்டர் என்பது, சாலையில் அன்றி ஆய்வுக்கூடத்தில், சக்கரங்கள் உருளைகளின் மேல் சுழல, குளிரூட்டியை இயக்காமல், முன்கூட்டியே வகுக்கப்பட்ட ஒரே வேக வரிசையில் ஓட்டி அளக்கப்படுவது. எல்லா நிறுவனங்களின் வண்டிகளும் அதே முறையில் சோதிக்கப்படுவதால் ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்கு அந்த எண் பயன்படும். மாதச் செலவைக் கணக்கிடுவதற்குப் பயன்படாது. நெரிசல் மிகுந்த நகரத்தில் குளிரூட்டியோடு ஓடும் வண்டி அதில் முக்கால் பங்கு தந்தாலே மனநிறைவு கொள்ளலாம். இப்போது விற்கப்படும் பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் கலக்கப்படுகிறது என்பதும், ஒரு லிட்டர் எத்தனாலில் ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே உள்ளது என்பதும் சேர்த்து எண்ண வேண்டியவை. தொட்டியை முழுமையாக நிரப்பி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி முழுமையாக நிரப்பி, ஓடிய தூரத்தை நிரப்பிய லிட்டரால் வகுத்துப் பார்ப்பதைவிட நம்பகமான வழி வாகன உரிமையாளருக்கு வேறில்லை.

அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயுவான சி.என்.ஜி.யில் ஓடும் டிசையர், அதே வசதிகள் கொண்ட பெட்ரோல் வண்டியைவிட ஏறத்தாழ 90 ஆயிரம் ரூபாய் கூடுதல் விலையுடையது; அதன் மீதான சாலை வரியையும் சேர்த்தால் கூடுதல் முதலீடு ஓர் இலட்சமாகிறது. லிட்டர் 101 ரூபாய்க்கு வாங்கிய பெட்ரோலில் 18 கிலோமீட்டரும், கிலோ 91 ரூபாய்க்கு வாங்கிய எரிவாயுவில் 25 கிலோமீட்டரும் ஓடுவதாகக் கொண்டால், மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுபவர் ஆண்டுக்குச் சுமார் 23,600 ரூபாய் மிச்சப்படுத்துவார். போட்ட முதல் திரும்ப நான்கு ஆண்டுகளுக்கு மேலாகும். மாதம் 2,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு இரண்டு ஆண்டுகளும் சில மாதங்களும் போதும். ஆனால் எரிவாயு சிலிண்டர் டிக்கியின் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது என்பதே இங்குக் கவனிக்க வேண்டிய செய்தி: எந்த டிக்கிக்காக ஹேட்ச்பேக்கை விட்டுச் செடானுக்கு வந்தோமோ, அதுவே பெரும்பாலும் இல்லாமல் போகிறது. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சிலிண்டரை அழுத்தச் சோதனைக்கு உட்படுத்துவதும், பங்க்கில் வரிசையில் காத்திருப்பதும் அதனுடன் வருபவை. நாள்தோறும் நெடுந்தூரம் அலுவலகம் செல்பவரைத் தவிர மற்றக் குடும்பங்களுக்கு இதைப் பரிந்துரைப்பது கடினம்.

கிளட்ச் மிதிக்க விரும்பாதவர்களுக்கு ஏ.எம்.டி. எனப்படும் வகை கிடைக்கிறது. இது புதுவகைக் கியர்பெட்டியன்று. வழக்கமான கியர்பெட்டியில் கிளட்சை அழுத்துவதையும் கியரை மாற்றுவதையும் ஓட்டுநருக்குப் பதிலாக ஒரு மின்னணுக் கருவி செய்கிறது. கியர் மாறும் நொடியில் வண்டி லேசாகத் தயங்குவதை உணரலாம். அதற்கு ஈடாக விலை குறைவு, எரிபொருள் செலவும் கூடுவதில்லை. போட்டிச் செடானான ஹோண்டா அமேஸில் உள்ள சி.வி.டி., கியர் படிகளே இல்லாமல் இரு கப்பிகளுக்கிடையே ஓடும் பட்டையால் விகிதத்தைத் தொடர்ச்சியாக மாற்றுவதால் மிகவும் மென்மையாக ஓடும். விலையும் அதற்கேற்பக் கூடுதல்.

சிக்கனம் எதில் வேண்டுமானாலும் காட்டப்படலாம். உயிர்ப் பாதுகாப்பில் கூடாது. நீண்ட காலமாகக் குறைந்த விலைக் கார் வாங்குபவர் இங்கேதான் ஏமாந்தார், ஏனெனில் ஏர்பேக்குகள் பல வண்டிகளில் உயர்விலை வேரியண்ட்டுகளுக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. இப்போதைய டிசையரில், மிகக் குறைந்த விலையுள்ள எல்.எக்ஸ்.ஐ.யிலேயே ஆறு ஏர்பேக்குகளும், ஐந்து இருக்கைகளுக்கும் தோளை அணைக்கும் சீட் பெல்ட்டும், வழுக்கும் வேளையில் ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக்கையும் தனித்தனியே இயக்கி வண்டியை நேர்ப்படுத்தும் ஈ.எஸ்.பி. அமைப்பும் உள்ளன. 2024 நவம்பரில் குளோபல் என்.சி.ஏ.பி. நடத்திய மோதல் சோதனையில் பெரியவர் பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரங்களும் குழந்தைகள் பாதுகாப்புக்கு நான்கும் பெற்ற இவ்வண்டி, 2025இல் பாரத் என்.சி.ஏ.பி. சோதனையில் இரண்டிலும் ஐந்து பெற்றது. இச்சோதனைகளில் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் வண்டியின் முன்பகுதியில் ஒரு பக்கம் தடுப்பின் மீது மோதவிடப்படுகிறது. அதற்கு மேற்பட்ட வேகத்தில் நிகழும் மோதலுக்கு நட்சத்திரங்கள் உறுதி சொல்வதில்லை. பின்னிருக்கையில் பெல்ட் அணியாமல் அமர்ந்தவரையும், மடியில் வைத்துக்கொண்ட குழந்தையையும் எத்தனை ஏர்பேக்குகளும் காப்பாற்றா என்பதை ஒவ்வொரு குடும்பமும் உணர வேண்டும்; குழந்தை இருக்கைக்கான சில ஆயிரம் ரூபாய் காரின் விலையிலேயே சேர்த்து எண்ணப்பட வேண்டியது.

விலைப்பட்டியலில் உள்ள ஷோரூம் விலைக்கும், வண்டி சாலையில் இறங்கும்போது கொடுத்து முடித்திருக்கும் தொகைக்கும் இடைவெளி பெரிது. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் கார்களுக்கான ஆயுட்கால வரி, ஐந்து இலட்சம் ரூபாய் வரை 12 விழுக்காடாகவும், பத்து இலட்சம் வரை 13 ஆகவும், அதற்கு மேல் இருபது இலட்சம் வரை 18 ஆகவும் உள்ளது. ஏழேகால் இலட்சத்தை ஒட்டிய, டிசையரில் எல்.எக்ஸ்.ஐ.க்கு அடுத்த நிலையான வி.எக்ஸ்.ஐ. வேரியண்ட், இந்த வரியும் காப்பீடும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து எட்டரை இலட்சத்தை நெருங்கிவிடும். பத்து இலட்சத்தின் விளிம்பில் உள்ள உயர் வேரியண்ட்டுகளில் இந்த விகித மாற்றம் இன்னும் கடுமையானது: 9,95,000 ரூபாய் வண்டிக்கு வரி ஏறத்தாழ 1,29,000 என்றால், அதைவிடப் பத்தாயிரம் மட்டும் கூடுதலான வண்டிக்கு 1,81,000 ஆகிறது. டீலர் எழுதித் தரும் காப்பீட்டையே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. வெளியில் இரண்டு நிறுவனங்களிடம் விலை கேட்டு ஒப்பிட்டாலே பெரும்பாலும் கணிசமான தொகை குறைகிறது. வண்டியைக் கையாள்வதற்கு என்று தனியாக ஒரு தொகை பில்லில் இருந்தால், அது எதற்கு என்று கேட்டு நீக்கச் சொல்வது வாங்குபவரின் உரிமை.

கடன் வாங்குவோர் மாதத் தவணையைப் பார்க்கிறார்களே தவிர மொத்த வட்டியைப் பார்ப்பதில்லை. ஆறு இலட்சம் ரூபாயை ஒன்பது விழுக்காடு வட்டியில் ஐந்தாண்டுகளுக்கு எடுத்தால் மாதம் 12,455 ரூபாய் தவணையும் மொத்தம் சுமார் 1,47,000 ரூபாய் வட்டியும் ஆகும். ஏழாண்டுகளுக்கு நீட்டினால் தவணை 9,653 ஆகக் குறையும், வட்டியோ 2,10,000ஐத் தாண்டும். ஏழாண்டுத் தவணையில்தான் ஒரு வண்டி கைக்கு எட்டுகிறது என்றால் அது அந்தக் குடும்பத்தின் வருமானத்துக்கு மேற்பட்ட வண்டி. ஒரு படி கீழே இறங்குவதே தக்கது.

போட்டி வண்டிகளும் தகுதியற்றவை அல்ல. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை ஆலையில் உருவாகும் ஹூண்டாய் ஆராவும், 2024 டிசம்பரில் புதுப்பிக்கப்பட்ட ஹோண்டா அமேஸும் நான்கு சிலிண்டர் எஞ்சின்களுக்கே உரிய அமைதியைத் தருகின்றன. அமேஸின் 416 லிட்டர் டிக்கி டிசையரைவிடப் பெரியது, பாரத் என்.சி.ஏ.பி.யில் பெரியவர் பாதுகாப்புக்கு அதுவும் ஐந்து நட்சத்திரங்கள் பெற்றுள்ளது. ஆனால் விலை கூடுதல், மைலேஜ் குறைவு. டாட்டா டிகோர் எரிவாயுவை இரு சிறிய சிலிண்டர்களாகப் பிரித்து டிக்கியின் தரைக்கு அடியில் வைத்திருப்பதால், சி.என்.ஜி.யும் வேண்டும் டிக்கியும் வேண்டும் என்போருக்கு ஏற்றது. எனினும் 2017இல் வந்த அதன் அமைப்பு இன்று பழமையடைந்துவிட்டது.

டிசையர் வாடகைக் காராகப் பெருமளவில் ஓடுவதால் அதை வாங்கத் தயங்குவோர் உண்டு. உண்மையில் அதுவே இவ்வண்டிக்குக் கிடைத்த நற்சான்று. நாள்தோறும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டிப் பிழைப்பவர்கள் செலவு வைக்கும் வண்டியைத் தேர்ந்தெடுப்பதில்லை, அவர்களால்தான் சிற்றூர்களில்கூட இதன் உதிரிபாகங்களும் பழுதுபார்ப்போரும் கிடைக்கின்றனர். எல்.எக்ஸ்.ஐ.யில் இசைக்கருவியும் பின்னிருக்கைக்கான குளிர்காற்றுத் துளைகளும் இல்லை. தமிழ்நாட்டு வெயிலில் பின்னிருக்கையில் முதியவர்களோ குழந்தைகளோ அமரும் குடும்பத்துக்கு வி.எக்ஸ்.ஐ. பெட்ரோல் கியர் வண்டியே பணத்துக்கு மிகவும் தகுந்தது, அதற்கு மேற்பட்ட வேரியண்ட்டுகளின் அலாய் சக்கரமும் மேற்கூரைக் கண்ணாடியும் பயணத்தை எளிதாக்குவதில்லை. முன்பணம் கட்டுவதற்கு முன், விற்பனையாளரோடு தனியாக ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பதோடு நில்லாமல், வீட்டில் உள்ள எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, ஒரு வேகத்தடையும் ஒரு மேம்பாலமும் உள்ள வழியில் குளிரூட்டியோடு ஓட்டிப் பார்க்குமாறு கேளுங்கள். அதற்கு மறுக்கும் டீலரிடம் வாங்காதீர்கள்.