மரத்தைத் தேடிப் போகும் ரம்பம்

இரண்டடி விட்டம், பத்தடி நீளம் உள்ள ஒரு பச்சை வேப்பங்கட்டை 800 கிலோவுக்குக் குறையாது. வாசலில் நின்ற மரம் புயலில் சாய்ந்துவிட்டால், அந்தக் கட்டையை எப்படி நகர்த்துவது என்பதுதான் வீட்டுக்காரரின் முதல் கவலை. கிரேன் வாடகை, லாரி வாடகை, ஏற்றுகூலி, சாமில்லில் அறுவைக்கூலி, பலகையைத் திரும்பக் கொண்டுவர மறுபடி ஒரு வண்டி. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, இடத்தைக் காலி செய்தால் போதும் என்று விறகு வியாபாரியிடம் தள்ளிவிடுகிறார். நிலையும் கதவுமாக ஆகியிருக்க வேண்டிய வைரம் செங்கல் சூளைக்குப் போகிறது.

2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்த பிறகு சென்னைத் தெருக்களிலும், 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரையேறிய பிறகு பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பக்கத்துத் தோப்புகளிலும் விழுந்த மரத்தை அப்புறப்படுத்துவதே பெரும்பாடாக இருந்தது. அதைப் பலகையாக்குவதைப் பற்றி யோசிக்க யாருக்கு நேரம்? மரத்தை மில்லுக்குக் கொண்டுபோக முடியாவிட்டால் மில்லை மரத்திடம் கொண்டுபோகலாமே என்ற எண்ணத்தில் பிறந்ததுதான் போர்ட்டபிள் பேண்ட்சா மில். 1982இல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரில் தொடங்கிய உட்-மைசர் நிறுவனம் இந்த வகை இயந்திரத்தை உலகம் முழுக்கப் பரப்பியதில் முக்கியமானது. தேக்கும் மலைவேம்பும் மகோகனியும் வைத்து வளர்த்தவர்கள், அறுவடைக் காலம் நெருங்கும்போது, இப்படியொன்றைச் சொந்தமாக வாங்கினால் என்ன என்று யோசிப்பதுண்டு. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

அமைப்பு எளிமையானது. நம் ஊர் சாமில்லில் ரம்பம் செங்குத்தாக ஓரிடத்தில் நிற்கும். கட்டையை ஏற்றிய டிராலி அதை நோக்கி வரும். இதில் தலைகீழ். கட்டை தரையோடு ஒட்டிய தண்டவாளப் படுக்கையில் அசையாமல் கிடக்கும். ரம்பத் தலை அதன் மேல் படுத்தவாக்கில் ஊர்ந்து போகும். இரண்டு சக்கரங்களில் மாட்டிய முடிவில்லாத எஃகுப் பட்டைதான் ரம்பம். அதன் அகலம் ஒன்றேகால் அங்குலத்திலிருந்து ஒன்றரை அங்குலம். ஒரு வெட்டு முடிந்ததும் கைப்பிடியைச் சுற்றித் தலையைப் பலகையின் கனத்துக்கு இறக்கிவிட்டு அடுத்த வெட்டுக்குப் போகலாம். சிறிய மாடல்களில் தலையைக் கையால் தள்ள வேண்டும். பெரிய மாடல்களில் கட்டையைத் தூக்க, உருட்ட, பிடிக்க ஹைட்ராலிக் கைகள் இருக்கும். சக்கரம் பொருத்திய மாடலை ஜீப்பின் பின்னால் கட்டி இழுத்துப் போகலாம்.

மிச்சமாகும் மரம்

இந்த இயந்திரத்தை விற்பவர்கள் முதலில் சொல்வது சேதாரக் கணக்கு. ரம்பம் போன வழியில் தூளாகிப் போகும் மரத்தின் கனம் பேண்ட்சாவில் சுமார் 2 மில்லிமீட்டர். வட்ட ரம்பத்தில் அது 6 மில்லிமீட்டர் வரை போகும்; சங்கிலி ரம்பத்தை வைத்துப் பலகை போட்டால் 9 மில்லிமீட்டர். 16 அங்குல உயரமுள்ள சதுரக் கட்டையை அரை அங்குலப் பலகையாகப் போட்டால் பேண்ட்சாவில் 27 பலகை வரும், வட்ட ரம்பத்தில் 22, சங்கிலி ரம்பத்தில் 19. ஆனால் அதே கட்டையை ஒரு அங்குலமாகப் போட்டால் 14, 13, 12 என்று வித்தியாசம் சுருங்கிவிடும். தூலமும் விட்டமும் அறுப்பவருக்கு இந்த மிச்சம் பெரிதில்லை.

விற்பவர்கள் அழுத்திச் சொல்லாத ஒன்று உண்டு. நம் ஊர் சாமில்கள் பலவற்றில் ஓடுவதும் பேண்ட்சாதான். அவற்றோடு ஒப்பிட்டால் சேதாரத்தில் பெரிய ஆதாயம் கிடைக்காது. உண்மையான ஆதாயம் வேறு இடத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம்: எங்கே வெட்டுவது என்பதை மரத்தை வளர்த்தவரே முடிவு செய்கிறார்.

நம் பக்கம் உருட்டுமரத்தை அளப்பது கால்சுற்றளவு முறையில். சுற்றளவை நான்கால் வகுத்து, அதைத் தன்னாலேயே பெருக்கி, நீளத்தோடு பெருக்கினால் கன அடி. வட்டமான கட்டையின் உண்மையான கன அளவில் இது 78.5 சதவீதம்தான். அறுவையில் போகும் சேதாரத்துக்கு ஈடாகவே பழைய நாளில் இப்படி வைத்தார்கள். விலையும் அந்த அளவைக்கு ஏற்பத்தான் பேசப்படுகிறது. ஆனாலும் தன் தோட்டத்துத் தேக்கை அளந்து விற்கும் விவசாயிக்கு அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. வைரம் எவ்வளவு, வெள்ளை எவ்வளவு, நடுவில் பொத்தல் உண்டா என்பதெல்லாம் வாங்கியவர் அறுக்கும்போதுதான் வெளிச்சத்துக்கு வரும். சொந்த ரம்பத்தில் முதல் பக்கத்தைச் சீவி எடுத்ததுமே அது கண்ணுக்குத் தெரிந்துவிடும். கணு இந்தப் பக்கம் வருகிறதா, கட்டையை ஒரு திருப்புத் திருப்பி அடுத்த முகத்திலிருந்து போடலாம். கதவுக்கு அகலப் பலகை வேண்டுமா, ஓட்டுக்கு ரீப்பர் வேண்டுமா, அதற்கேற்ப வெட்டை மாற்றலாம். வளைந்த கிளைகளையும் நாலடித் துண்டுகளையும் பெரிய மில்லில் மதிக்க மாட்டார்கள். இங்கே அதிலிருந்தும் ஒரு மேசைப் பலகை எடுத்துவிடலாம். பலாவின் மஞ்சள் வைரம் அப்படிப்பட்ட துண்டிலிருந்து வெளிப்படுவதைப் பார்த்தவர்கள் அதற்குப் பிறகு பலாவை விறகாகப் பார்க்க மாட்டார்கள்.

பிளேடு என்னும் ஓயாத வேலை

இந்த மில்லை வாங்குகிறவர் உண்மையில் வாங்குவது பிளேடுகளோடு ஒரு நீண்ட சகவாசத்தை.

சிறிய மில்லின் சக்கரம் சுமார் 19 அங்குலம். அந்தச் சிறு சக்கரத்தில் வளைய வேண்டுமானால் பட்டை ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய கனத்தில்தான் இருக்க முடியும். நான்கு மீட்டர் நீளமுள்ள பிளேடு வினாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், வினாடிக்கு ஆறு முறைக்கு மேல் அது முழுச் சுற்று வரும். ஒவ்வொரு சுற்றிலும் இரு சக்கரங்களில் வளைந்து நிமிரும். இரண்டு மணி நேர ஓட்டத்தில் ஏறக்குறைய 90,000 வளைவுகள். இரும்புக் கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்பது போலத்தான் இதுவும். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் பிளேடு அறுந்துபோகும். சாணை பிடிக்கும்போது பல்லின் முனையோடு நிறுத்தாமல் அந்தப் பள்ளத்தையும் சேர்த்துத் தேய்க்கச் சொல்வது இதற்காகத்தான். வேலை முடிந்ததும் பட்டையின் இழுவிசையைத் தளர்த்திவிட வேண்டும் என்பதும் இதற்காகத்தான்.

முனை மழுங்குவது இன்னும் சீக்கிரம் நடக்கும். சுத்தமான கட்டையில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஓட்டலாம். வயலில் இழுத்து வந்த கட்டையின் பட்டையில் மணல் ஒட்டியிருந்தால் சில வெட்டுகளிலேயே போய்விடும். மழுங்கிய பிளேடு நேராகப் போகாது, மேலும் கீழும் அலையும். பலகை அலையலையாக வரும். அதைச் சமமாக்க இழைத்தால், மெல்லிய ரம்பத்தில் மிச்சப்படுத்திய மரமெல்லாம் இழைப்புச் சுருளாகப் போய்விடும். ஆகவே அறுப்பதற்கு முன் கட்டையைக் கழுவ வேண்டும், முடிந்தால் பட்டையை உரித்துவிட வேண்டும். பத்துப் பன்னிரண்டு பிளேடுகளாவது கைவசம் வேண்டும். சாணை இயந்திரமும், பற்களை ஒன்றுவிட்டு ஒன்று வலமும் இடமும் சாய்த்து செட்டிங் எடுக்கும் கருவியும் வேண்டும். பலா போன்ற பால் மரங்களில் பிசின் பிளேடில் அப்பிக்கொள்ளும். அதற்குச் சோப்புத் தண்ணீரைச் சொட்டவிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேல் ஆணி. சாலையோர மரத்திலும் வீட்டு மரத்திலும் விளம்பரத் தகடு, கொடிக்கம்பி, மின்விளக்கு என்று ஒரு தலைமுறை அறைந்த ஆணிகள் அனைத்தையும் மரம் உள்ளே விழுங்கி வைத்திருக்கும். ஓர் ஆணி போதும், பிளேடின் பற்கள் வரிசையாகப் போகும். கையடக்க மெட்டல் டிடெக்டர் ஒன்றை மில்லோடு சேர்த்தே வாங்கிவிடுவது நல்லது.

தென்னையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வயதான தென்னையின் அடிமரத்தில் வெளிவட்டம் தேக்குக்கு ஈடான கனம் கொண்டது. நடுப்பகுதி சோறு போல மென்மை. ஒரே வெட்டில் ரம்பம் கடினத்திலிருந்து மென்மைக்கும் மறுபடி கடினத்துக்கும் போகிறது. சாதாரண எஃகுப் பற்கள் இதற்குத் தாங்காது. முனையில் ஸ்டெல்லைட் போன்ற கடின உலோகம் பற்றவைத்த பிளேடு வேண்டும். பிலிப்பைன்ஸில் ஜாம்போவாங்கா ஆராய்ச்சி நிலையம் தென்னை மரத்தை அறுப்பது, தரம் பிரிப்பது பற்றி நெடுநாள் உழைத்திருக்கிறது. வெளிவட்டத்தைத் தனியாக எடுத்தால் தரைப்பலகைக்கும் தூணுக்கும் ஆகும் என்பது அங்கே நடைமுறையில் தெரிந்த விஷயம். கஜாவில் சாய்ந்த தென்னைகள் லட்சக்கணக்கில். அப்படியே கிடந்து மட்கும் தண்டில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடும். பிறகு அது தப்பிப் பிழைத்த தென்னைகளின் குருத்துக்குப் போகும். விழுந்த சில வாரங்களுக்குள் அறுக்கும் ஏற்பாடு ஒன்று அந்தக் கிராமங்களில் இருந்திருந்தால் என்ற ஏக்கம் எனக்கு இன்னும் உண்டு.

அறுத்த பிறகு

நகரும் மில் வந்தாலும் கட்டை நகராது. 800 கிலோவைப் படுக்கையில் ஏற்றச் சாய்தளமும் கடப்பாரையும் நாலு ஆளும் வேண்டும், இல்லையென்றால் டிராக்டர் லோடர். கையால் தள்ளும் மில்லை வாங்கியவர்களின் முதுகுவலி பெரும்பாலும் ரம்பத்தால் வருவதில்லை, கட்டையை உருட்டுவதால்தான் வருகிறது. மரத்தூளையும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வாகை அறுக்கும் இடத்தில் நின்றவர்களுக்கு அந்தத் தும்மல் தெரியும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளைப் புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. முகக்கவசம், காது அடைப்பான், கண்ணாடி மூன்றும் அன்றாடம் வேண்டும்.

ஈரப்பலகையை விற்க முடியாது என்பதைப் புதிதாக வாங்குகிறவர்கள் தாமதமாகத்தான் உணர்கிறார்கள். நிழலான கொட்டகையில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில், இரண்டடிக்கு ஒரு குச்சி வைத்து, குச்சிகள் ஒன்றன் நேர்கீழ் ஒன்றாக வரும்படி அடுக்க வேண்டும். முனைகளில் பெயின்ட் பூச வேண்டும், இல்லாவிட்டால் நம் வெயிலில் ஒரே வாரத்தில் முனை வெடிக்கும். ஓர் அங்குலப் பலகை காற்றில் காயப் பல மாதம் ஆகும். மா, ரப்பர் போன்ற வெள்ளை மரங்களில் அறுத்த சில நாட்களில் நீலப்பூஞ்சை ஏறும். அவற்றை உடனே பூஞ்சைக்கொல்லிக் கரைசலில் முக்கி எடுக்க வேண்டும். இளந்தைலமரத்தை அறுத்தால் உள்ளே அடங்கியிருந்த இறுக்கம் விடுபட்டுப் பலகை வில்லாக வளையும். அதற்கு ரம்பத்தால் ஒன்றும் செய்ய முடியாது. மில்லுக்கு ஒதுக்கும் இடத்தைவிட அடுக்குக்கு ஒதுக்கும் இடம் அதிகமாக இருக்க வேண்டும்.

உரிமம்

நம் நாட்டில் இதுதான் பெரிய கதவு. கூடலூர் காடுகள் அழிவதைத் தடுக்கக் கோரி கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் இந்தியா முழுவதையும் தொட்ட உத்தரவைப் பிறப்பித்தது. மத்திய அரசின் அனுமதியின்றிக் காட்டுக்குள் ஓடிய சாமில்கள் நின்றன. அதன் தொடர்ச்சியாக வந்த உத்தரவுகளும், 2016இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல்களும் சேர்ந்து, புதிய மர அறுவைத் தொழிலுக்கு மாநில அளவிலான குழுவின் பார்வைக்குப் போய்வர வேண்டிய நிலையை உண்டாக்கின. உரிமம் ஓர் இடத்துக்கு உரியது; இடம் மாற்றவும் அனுமதி கேட்க வேண்டும். ஊர் ஊராகப் போவதையே பலமாகக் கொண்ட இயந்திரம் இங்கேதான் முட்டிக்கொள்கிறது.

இந்தச் சட்டத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. இரவில் காட்டோரம் போய் நிற்கக்கூடிய ஒரு மில் திருட்டு மரத்துக்கு எவ்வளவு வசதி என்பதை யோசித்தால் வனத்துறையின் அச்சம் நியாயமானது. ஆனால் புயலில் பட்டா நிலத்தில் விழுந்த மரத்தை, அந்த நிலத்திலேயே, குறிப்பிட்ட நாட்களுக்குள் அறுக்க ஒரு தற்காலிக அனுமதிக்கு வழி திறந்தால், காட்டுக்குக் கேடில்லாமல் ஏராளமான மரம் பிழைக்கும். விஏஓவும் வனச்சரகரும் சேர்ந்து கையெழுத்திட்டால் போதுமான அளவுக்கு அதை எளிமையாக்கலாம்.

நாற்பது தேக்கு வைத்திருக்கும் ஒருவர் தனியாக இதை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. அந்த மரங்களை அறுத்து முடிக்க ஒரு பருவம் போதும். பிறகு இயந்திரம் தார்ப்பாயின் கீழ் துருப்பிடிக்கும். ஆண்டு முழுக்க மரம் வரும் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ, பத்திருபது மரப்பயிர் விவசாயிகள் சேர்ந்த குழுவோ, சாணை பிடிக்கத் தெரிந்த ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைத்து நடத்தினால் இது நிற்கும். உறுப்பினரல்லாதவர்களின் மரத்தையும் கன அடிக்கு இவ்வளவு என்று கூலிக்கு அறுத்துக் கொடுக்கலாம். இயந்திரத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே மாவட்ட வன அலுவலகத்துக்குப் போய், எந்தச் சர்வே எண்ணில் வைக்கப் போகிறோம், எந்தெந்த மரம் அறுக்கப் போகிறோம் என்று எழுத்தில் கொடுத்து, பதிலையும் எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.