ஒரு நிறத்தில் அடங்காத ஊர்

திருத்தணிக்கு வடமேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டிய நெசவாளர் ஊர் பொதட்டூர்பேட்டை. தறிக்கூடத்திலும் கடைத்தெருவிலும் தமிழும் தெலுங்கும் சேர்ந்தே புழங்குகின்றன. மொழிவாரி வரைபடத்திலோ இந்த வட்டாரத்துக்கு ஒரே நிறம்தான்.

1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது, சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அங்கே போனது. ம.பொ.சிவஞானம், மங்கலங்கிழார் போன்றோர் வடக்கெல்லைப் போராட்டத்தில் இறங்கினர். நடுவராக வந்த எச்.வி.படாஸ்கர், கிராமத்தை அலகாக வைத்து, பெரும்பான்மை மொழியையும் நிலத்தொடர்ச்சியையும் பார்த்துப் பரிந்துரை செய்தார். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி நம்மிடம் வந்தது. சத்தியவேடு ஆந்திரத்துக்குப் போனது. நிர்வாகத்துக்கு எல்லை தேவை; அந்தத் தீர்வு நியாயமானதே. ஆனால், ஓர் ஊரில் நூற்றுக்கு அறுபது பேர் தமிழ் பேசினால், மற்ற நாற்பது பேரின் மொழி வரைபடத்திலிருந்து மறைந்துவிடுகிறது.

எண்ணிக்கையில் கரைபவை

1894 முதல் 1928 வரை நடந்த கிரியர்சனின் இந்திய மொழி ஆய்வு, சென்னை மாகாணத்துக்குள் வரவேயில்லை. பிறகு நமக்கு வாய்த்த பெரிய கருவி மக்கள்தொகைக் கணக்கெடுப்புதான். 2011இல் மக்கள் சொன்ன தாய்மொழிப் பெயர்கள் 19,569. அதிகாரிகள் அவற்றைச் சரிபார்த்து 1,369 ஆக்கினர். பிறகு 121 மொழிகளாகத் தொகுத்தனர். பத்தாயிரம் பேருக்கும் குறைவானோர் பேசுபவை 'மற்றவை' என்ற தலைப்புக்குள் போய்விட்டன.

திருத்தணி அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்தில் இருளர்கள் கணிசமாக வாழ்கிறார்கள். இருளர் மொழியைத் தனி மொழி என்கிறார்கள் மொழியியலாளர்கள். கணக்கெடுப்போ அதைத் தமிழின் கீழ் சேர்க்கிறது. ஆந்திரத்து எருகுலர் பேசும் மொழிக்கும் அதே கதிதான். கணேஷ் தேவி தலைமையிலான மக்கள் மொழி ஆய்வு 780 மொழிகளைப் பதிவு செய்தது. எதை மொழி என்று கொள்கிறோம் என்பதைப் பொறுத்தே எண்ணிக்கை மாறுகிறது.

இது ஏட்டுக் கணக்கோடு முடிவதில்லை. சிறுபான்மை மொழியில் பள்ளி கேட்கவும், பாடநூல் கேட்கவும் இந்த எண்கள்தான் ஆதாரம். பெரும்பான்மை மொழியை மட்டும் காட்டும் வரைபடம், எல்லையோர ஊர்களைப் பொறுத்தவரை அரைகுறை வரைபடமே. ஊருக்கு ஊர் இரண்டாம், மூன்றாம் மொழிகளையும் அது காட்ட வேண்டும்.

அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்டது. தாய்மொழியோடு, தெரிந்த வேறு இரண்டு மொழிகளையும் பதிவு செய்வது வழக்கம். கணக்கெடுப்பாளர் வரும்போது, வீட்டில் பேசும் மொழியைத் தயங்காமல் சொல்லுங்கள்; மற்ற மொழிகளையும் விடாமல் எழுதச் சொல்லுங்கள்.