நீர் மூட்டும் நெருப்பு

பூமியின் வயிற்றில் நெருப்புக் கடல் கொதிக்கிறதென்றால், அது எல்லா ஊர்களிலும் பொங்காமல் சில இடங்களில் மட்டும் எரிமலையாக எழுவானேன் என்று ஓர் அன்பர் கேட்டு எழுதியிருக்கிறார். கேள்வி நியாயமானது, அப்படியொரு கடல்தான் அங்கே இல்லை. திரவத்தை ஊடுருவிச் செல்லமாட்டாத ஒருவகைப் பூகம்ப அலைகள் சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை சென்று திரும்புவதால், அவ்வளவு தூரமும் ஏறத்தாழ முழுவதும் திடப்பாறையே என்பது நிரூபணம். அங்கே உஷ்ணத்துக்குக் குறைவில்லை. மேலிருந்து அழுத்தும் பாரமே பாறையை உருகவொட்டாமல் தடுக்கிறது.

ஐஸ்லாந்தைப்போல், பூமியின் மேற்புறப் பாறைப்பாளங்களாகிய தட்டுகள் விலகுமிடங்களில் அடிப்பாறை மேலெழும்பி, பாரம் குறைந்து உருகுகிறது. தட்டுகள் மோதுமிடத்து விந்தையோ வேறு. தென் அமெரிக்காவின் மேற்கே, சமுத்திரத்தின் தரையாகிய நாஸ்கா தட்டு, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டராகக் கண்டத்தின் அடியில் புகுகிறது. குளிர்ந்த பாறை நுழைந்தால் உஷ்ணம் தணியவேண்டும். மாறாகக் கற்குழம்பு பிறக்கிறது! காரணம், அத்தட்டு தன் தாதுக்களுக்குள் பூட்டிச்செல்லும் நீர். சுமார் 100 கிலோமீட்டர் ஆழத்தில் அது வெளிப்பட்டு, மேலேயுள்ள சூடான பாறையிற் கலந்ததும், பாறையின் உருகுநிலை பல நூறு டிகிரி தாழ்ந்துவிடுகிறது. கல்யாண வீட்டில் ஐஸ்கிரீம் சுற்றும் மரவாளியில் உப்பை அள்ளிப் போட்டதும், அடுப்பின் துணையின்றியே ஐஸ் இளகுவதைக் கண்டிருக்கிறேன். இங்கும் அதே நியாயந்தான்.

குழம்பில் கரைந்த அந்நீரே மேற்பரப்பை நெருங்குகையில் ஆவியாக விரிந்து மலையை வெடிக்கச்செய்கிறது. கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ் 1985 நவம்பர் 13 அன்று வெடித்தபோது, வெடிப்பு பெரிதன்று. ஆனால் சிகரத்துப் பனி உருகிச் சாம்பலோடு சேறாகி, பள்ளத்தாக்குகளின் வழியே பாய்ந்து அர்மேரோ நகரை மூடியது. மாண்டவர் மொத்தம் சுமார் 23,000 பேர். 1845-இல் அதே மலையிலிருந்து வந்த சேறு படிந்த நிலத்தில்தான் அந்நகரம் எழுந்திருந்தது; அபாயப் பிரதேசங்களைக் காட்டும் படமும் முந்தைய மாதமே தயாராகியிருந்தது. சேறு வந்துசேர இரண்டு மணி நேரத்துக்குமேல் ஆயிற்று; அதற்குள் ஜனங்கள் மேட்டுக்கு நடந்தே போயிருக்கலாம். 1991-இல் பிலிப்பைன்ஸின் பினாடுபோ இதைவிடப் பன்மடங்கு உக்கிரமாக வெடித்தும், விஞ்ஞானிகளின் சொற்கேட்டு முன்னதாகவே அப்புறப்படுத்தப்பட்டதால் பல்லாயிரவர் பிழைத்தனர். தட்டுகளை நிறுத்த மனிதனால் ஆகாது. வரைந்து வைத்த படத்தை விரித்துப் பார்ப்பதும், பார்த்தபின் ஊரை எழுப்பி நடத்திச்செல்வதும் ஆளுவோரின் கடமை, அதற்கு அலட்சியம் ஒன்றே தடை.