வராதவரைத் தேடும் இடாப்பு

எனது எட்டாம் தர வகுப்பில் ஒரு மாணவன் மாதத்துக்கு ஒருநாள் வரமாட்டான். கிளினிக்கில் பெனிசிலின் ஊசி போடும் நாள். பிறகு மூன்று மாதம் அவனுக்கு லீவே இல்லை. வரவு இடாப்பைப் பார்த்து நான் சந்தோசப்பட்டேன். எவ்வளவு மடத்தனம் என்பது அவனது உம்மா வந்தபோதுதான் விளங்கியது. "நோம்பு வந்திட்டு சேர், ஊசி போட்டா முறிஞ்சிரும் எண்டு நிப்பாட்டின. பொறகு அப்படியே விட்டுப் போச்சி."

கிளினிக்கிலும் அவன் பெயர் ஒரு புத்தகத்தில் இருந்தது. வந்தவர்களுக்கு அதில் திகதி போடுவார்கள். வராதவரை யாரும் தேடவில்லை.

வாதக் காய்ச்சல் தொண்டை நோவில் தொடங்குவது. ஏ பிரிவு ஸ்ரெப்டோகொக்கஸ் பற்றீரியா தொற்றி இரண்டு மூன்று வாரத்தில், உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளையும் இதயத்தையும் தாக்குகிறது. பெரும்பாலும் 5 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குத்தான் வரும். மூட்டு வலி மாறிவிடும். இதய வால்வில் விழுந்த வடு தங்கிவிடலாம். காய்ச்சல் திரும்பி வரும்போதெல்லாம் வால்வு மேலும் பழுதாகும். அதைத் தடுக்கவே 3 அல்லது 4 வாரத்துக்கு ஓர் ஊசி, ஆண்டுக் கணக்கில். ஓடி விளையாடுகிற பிள்ளைக்கு எதற்கு ஊசி என்று வீட்டில் தோன்றுவது இயல்பு.

இதைத் தேடி வாசித்தபோதுதான் அவுஸ்திரேலியாவின் அனுபவம் கண்ணில் பட்டது. அங்கே இந்நோய் பழங்குடி மக்களையே அதிகம் வாட்டுகிறது. வட ஆட்புலத்தின் வடபகுதியில் 1997இல் இதற்கென்றே ஒரு பதிவேடு தொடங்கினார்கள். வால்வின் நிலை, கடைசி ஊசி, அடுத்த ஊசி, அடுத்த எக்கோ பரிசோதனை எல்லாம் ஒரே இடத்தில். நோயாளி ஊர் மாறினாலும் விபரம் கூடவே போகும். திகதி தவறியவர்களின் பெயர்கள் ஊர்ச் சுகாதார நிலையத்துக்குப் போக, அங்குள்ளவர்கள் தேடிப் போவார்கள்.

எண்ணுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 28 நாளுக்கு ஒன்றென்றால் ஆண்டுக்கு 13 ஊசி. "மாசம் ஒண்டு" என்று நாம் எண்ணினால் 12தான். 80 வீதமாவது போடப்பட வேண்டும் என்பது அங்குள்ள இலக்கு. ஆனால் தவறிய இரண்டும் அடுத்தடுத்து வந்தால், பிள்ளை பல வாரம் பாதுகாப்பின்றி நிற்கும். எனவே எத்தனை ஊசி என்பதோடு இடைவெளி எத்தனை நாள் என்றும் பார்க்க வேண்டும்.

நமக்குப் பெயரே பெரிய சிக்கல். முஹம்மத், முகம்மது, வெறும் 'எம்.' என்று ஒரே பிள்ளை மூன்று பேராகிவிடும். தமிழ் படித்த எனக்கு எழுத்தைத் திருத்தக் கை துறுதுறுக்கும். பதிவேட்டில் அப்படித் திருத்தினால் பிள்ளை தொலைந்து போகும். பிறந்த திகதியும் கிளினிக் இலக்கமும் கட்டாயம் வேண்டும்.

நோன்பு விடயம்: தசையில் போடும் மருந்தூசி நோன்பை முறிக்காது என்று சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 1997இல் ஜித்தாவில் முடிவெடுத்திருக்கிறது. ஊர் மௌலவியும் அதையே சொன்னார். உம்மாவுக்கு அந்த வார்த்தை போதுமாக இருந்தது.

இப்போது உம்மாவின் சம்மதத்தோடு அவனது அடுத்த திகதியை என் கொப்பியில் பென்சிலால் குறித்து வைக்கிறேன். நோயின் பெயரை எழுதுவதில்லை. அன்றைக்கு அவன் வகுப்புக்கு வந்துவிட்டால், இடைவேளையில் கூப்பிட்டு ஏன் வந்தாய் என்று கேட்கிறேன்.