உறக்கக் கோளாறுகளுக்கான மெலட்டோனின் மருத்துவம்

உறக்கக் கோளாறுகளுக்கான மெலட்டோனின் மருத்துவம் என்பது, ஹார்மோன் எனப் பரவலாக அறியப்படும் இயக்குநீர்களுள் ஒன்றான மெலட்டோனினை மாத்திரையாகவோ நீர்மமாகவோ வெளியிலிருந்து கொடுத்து, ஒருவரின் உறக்க நேரத்தைச் சீர்செய்யும் முறையாகும். மெலட்டோனின் பேச்சுவழக்கில் தூக்க மாத்திரை என்று அழைக்கப்பட்டாலும், வழமையான தூக்க மாத்திரைகளைப் போன்று இது மூளையை அமிழ்த்தி உறங்க வைப்பதில்லை. "இரவு தொடங்கிவிட்டது" என்று உடலுக்கு அறிவிப்பதே இதன் முதன்மையான பணியாகும். எனவே உறங்கும் நேரம் இடம் மாறியதால் ஏற்படும் கோளாறுகளில் இது நன்கு பயன்படுகின்றது. கவலை, வலி, மூச்சுத் தடை முதலிய காரணங்களால் ஏற்படும் உறக்கமின்மையில் இதன் பயன் குறைவாகும்.

இம்மருத்துவத்திற்கு அடிப்படையான உயிரியல் கடிகாரம் பற்றி இந்தியாவில் நடைபெற்ற முன்னோடி ஆய்வுகள் பல மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் மேற்கொள்ளப்பட்டன.

மெலட்டோனின்

மெலட்டோனின் மூளையின் நடுவில் அமைந்துள்ள கூம்புச் சுரப்பியில் உருவாகின்றது. உணவிலிருந்து கிடைக்கும் டிரிப்டோபான் என்னும் அமினோ அமிலம் முதலில் செரட்டோனினாகவும், பின்னர் இரு படிகளில் மெலட்டோனினாகவும் மாற்றப்படுகின்றது.

மாட்டின் கூம்புச் சுரப்பிச் சாறு தவளைக் குஞ்சுகளின் தோலை வெளிறச் செய்வதை 1917 ஆம் ஆண்டில் மெக்கார்டு, ஆலன் ஆகியோர் கண்டறிந்தனர். அச்சாற்றில் இருந்த வேதிப்பொருளை 1958 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தோல் மருத்துவர் ஆரன் லெர்னரும் அவருடைய குழுவினரும் பிரித்தெடுத்தனர். லெர்னர் தேடியது தோல் நிறக் கோளாறுகளுக்கான மருந்தையே ஆகும். அவருக்குக் கிடைத்த பொருள் பிற்காலத்தில் உறக்கத்தோடு தொடர்புபடுத்தப்பட்டது.

மெலட்டோனின் சுரப்பு, ஒருவர் வழக்கமாக உறங்கும் நேரத்திற்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்பாகத் தொடங்கி, நள்ளிரவிற்குப் பின் உச்சத்தை அடைந்து, காலையில் மிகக் குறைந்துவிடும். கண்ணில் படும் ஒளி இச்சுரப்பைத் தடுக்கின்றது. வலுவான ஒளி மனிதரில் மெலட்டோனின் சுரப்பை அடக்கும் என்பதை 1980 இல் ஆல்பிரட் லூவி குழுவினர் காட்டினர். நீல நிற ஒளிக்கு இவ்விளைவு கூடுதலாக உண்டு.

உயிரியல் கடிகாரம்

மூளையின் ஐப்போத்தலாமசுப் பகுதியில் உள்ள ஒரு சிறு நரம்பணுத் தொகுதியே உடலின் தலைமைக் கடிகாரமாகும். விழித்திரையிலிருந்து வரும் ஒளிச் செய்தியைப் பெற்று, அது கூம்புச் சுரப்பிக்குக் கட்டளை அனுப்புகின்றது. மெலட்டோனினோ திரும்ப அக்கடிகாரத்தையே சென்றடைந்து அதன் நேரத்தைத் திருத்த வல்லது. மெலட்டோனின் மருத்துவம் இத்திருத்தும் திறனையே பயன்படுத்திக்கொள்கின்றது.

இக்கடிகாரத்தின் ஒரு சுற்று சரியாக 24 மணி நேரம் அன்று. பெரும்பாலான மனிதரில் அது 24 மணி நேரத்தை விடச் சில நிமிடங்கள் கூடுதலாகும். நாள்தோறும் கிடைக்கும் சூரிய ஒளி அக்கூடுதலைச் சரிக்கட்டி, உடலை உலகத்தின் நேரத்தோடு இணைத்து வைக்கின்றது. ஒளி முற்றிலும் கிடைக்காதபோது கடிகாரம் தன் விருப்பப்படி ஓடத் தொடங்கும்.

மதுரை ஆய்வுகள்

மதுரைக்கு மேற்கே நாகமலையை ஒட்டி அமைந்துள்ள மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில், விலங்கு நடத்தையியல் துறையில் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரன் தலைமையில் காலவுயிரியல் ஆய்வுகள் நடைபெற்றன. இவர் செருமனியின் தூபிங்கன் நகரில் ஆய்வுப் பயிற்சி பெற்றவர். பின்னாளில் பெங்களூரிலுள்ள சவகர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்திலும் பணியாற்றினார். இந்தியாவில் காலவுயிரியலைத் தொடங்கி வளர்த்தவராக இவர் கருதப்படுகின்றார்.

இக்குழுவினரின் ஆய்வுகளுள் மூன்று இங்கு குறிப்பிடத்தக்கவை.

முதலாவது, வௌவால்களைப் பற்றியது. ஒளி புகாத குகையில் வாழும் வௌவால்கள் மாலை நேரத்தை எவ்வாறு அறிகின்றன என்பது கேள்வி. மாரிமுத்து, சுப்பராஜ், சந்திரசேகரன் ஆகியோர் 1978 இல் இதன் முடிவுகளை வெளியிட்டனர். குகைக்குள் தனியாக அடைத்து வைக்கப்பட்ட வௌவால், தன் இனத்தைச் சேர்ந்த பிற வௌவால்கள் அங்கே வந்து போகும்வரை அவற்றின் நேரத்தையே தானும் பின்பற்றியது. அவை இல்லாதபோது அதன் கடிகாரம் 24 மணி நேரத்திலிருந்து விலகி ஓடியது. ஒளியின்றியும், சமூகத் தொடர்பு ஓர் உயிரின் கடிகாரத்தைத் திருத்தலாம் என்பதை இது காட்டியது.

இரண்டாவது, மனிதரைப் பற்றியது. பல்கலைக்கழகத்தில் சூரிய ஒளி, கடிகாரம், வெளியார் பேச்சு எதுவும் எட்டாத தனிமை அறையொன்று அமைக்கப்பட்டது. தன்னார்வலர்கள் அதில் பல நாட்கள் தனியே தங்கினர். அவர்கள் விரும்பியபோது உறங்கி விரும்பியபோது விழித்தனர். சிலரில் உறக்க-விழிப்புச் சுழற்சி, உடலின் பிற சுழற்சிகளிலிருந்து பிரிந்து தனியாக ஓடியது. 1991 இல் வெளியான ஓர் ஆய்வு, அவ்வறையில் தங்கிய ஒரு பெண்ணின் மாதவிடாய்ச் சுழற்சி உறக்கச் சுழற்சியோடு பிணைக்கப்பட்டிருக்கவில்லை என்று காட்டியது.

மூன்றாவது, மெலட்டோனினையே நேரடியாகப் பற்றியது. தென்னிந்திய வயல்களில் வளை தோண்டி வாழும் சிறு வயல் எலியை வைத்து, விஜய் குமார் சர்மா, சிங்காரவேல், சுப்பராஜ், சந்திரசேகரன் ஆகியோர் 1999 இல் ஆய்வு முடிவுகளை வெளியிட்டனர். எலிகளின் இரவு பகல் நேரம் திடீரென்று மாற்றப்பட்டது. உரிய நேரத்தில் மெலட்டோனின் கொடுக்கப்பட்ட எலிகள், கொடுக்கப்படாதவற்றை விட விரைவாகப் புதிய நேரத்திற்குப் பழகின. நெடுந்தொலைவு வானூர்தியில் பறந்து வரும் மனிதரின் நிலையும் இந்த எலிகளின் நிலையை ஒத்ததே.

பயன்பாடுகள்

மெலட்டோனினின் பயன் கோளாறுக்குக் கோளாறு வேறுபடுகின்றது.

பார்வையற்றோரின் உறக்கக் கோளாறு: ஒளியை முற்றிலும் உணராத பார்வையற்றோர் பலரின் கடிகாரம், மேற்கூறிய தனிமை அறையில் இருப்பவரின் கடிகாரம் போலவே கட்டின்றி ஓடுகின்றது. ஒருவரின் சுற்று 24½ மணி நேரம் எனில், அவரது உறக்க நேரம் நாள்தோறும் அரை மணி நேரம் பின்தள்ளிச் செல்லும். ஏறத்தாழ ஏழு வாரங்களில் அது ஒரு முழுச் சுற்று வந்துவிடும். இடையில் சில வாரங்கள் அவர் பகலில் தூங்கி விழவும் இரவில் விழித்திருக்கவும் நேரிடும். இதனைச் சோம்பல் என்று குடும்பத்தாரும் ஆசிரியரும் தவறாகக் கருதும் வாய்ப்புண்டு. 2000 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், நாள்தோறும் 10 மில்லிகிராம் மெலட்டோனின் பெற்ற ஏழு பார்வையற்றோரில் ஆறு பேரின் கடிகாரம் 24 மணி நேரத்தோடு இணைந்தது. பின்னர் 0.5 மில்லிகிராம் போன்ற சிறிய அளவும் போதுமென அறியப்பட்டது. மெலட்டோனின் மருத்துவத்தின் மிகத் தெளிவான வெற்றி இதுவேயாகும்.

வானூர்திப் பயணக் களைப்பு: ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட நேர வலயங்களைக் கடப்போருக்கு மெலட்டோனின் பயனுடையது என்று 2002 இல் காக்ரேன் அமைப்பின் மீளாய்வு முடிவு செய்தது. மாத்திரை, சென்றடையும் ஊரின் உறங்கும் நேரத்தில் எடுக்கப்பட வேண்டும்.

உறக்க நேரம் பின்தள்ளிய நிலை: இரவு இரண்டு, மூன்று மணி வரை உறக்கம் வராமலும், காலையில் எழ இயலாமலும் இருக்கும் நிலை இது. பதின்ம வயதினரிலும் மாணவரிலும் மிகுதியாகக் காணப்படுகின்றது. 2018 இல் வெளியான ஆசுத்திரேலிய ஆய்வில், விரும்பிய உறங்கும் நேரத்திற்கு ஒரு மணி நேரம் முன்பாக 0.5 மில்லிகிராம் மெலட்டோனின் எடுத்து, அந்நேரத்திலேயே படுக்கைக்கும் சென்றவர்கள் முன்னதாக உறங்கினர்.

நாட்பட்ட உறக்கமின்மை: இதில் பயன் சிறிதே. 2013 இல் வெளியான ஒரு பகுப்பாய்வின்படி, 19 ஆய்வுகளில் பங்கேற்ற 1,683 பேரில், உறக்கம் வருவதற்கான நேரம் சராசரியாக 7 நிமிடங்கள் குறைந்தது. மொத்த உறக்கம் 8 நிமிடங்கள் கூடியது. அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2017 இல், வயது வந்தோரின் நாட்பட்ட உறக்கமின்மைக்கு மெலட்டோனினைப் பரிந்துரைக்கவில்லை. உறக்கப் பழக்கங்களையும் எண்ணங்களையும் மாற்றும் நடத்தை மருத்துவமே இதற்கு முதல் வழியாகக் கொள்ளப்படுகின்றது.

சிறுவர்: மதியிறுக்கம் உள்ள சிறுவரின் உறக்கக் கோளாறுக்கு மெலட்டோனின் பயனளிக்கின்றது. இதற்கென உருவாக்கப்பட்ட மாத்திரைக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2018 இல் ஒப்புதல் அளித்தது. இது மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே கொடுக்கப்பட வேண்டும்.

இரவுப் பணியாளர்கள்

மதுரை "தூங்கா நகரம்" என்று அழைக்கப்படுகின்றது. சங்க நூலான மதுரைக்காஞ்சி, அந்நகரின் பகற்கடைகளை நாளங்காடி என்றும் இரவுக்கடைகளை அல்லங்காடி என்றும் குறிப்பிடுகின்றது. இன்றும் மதுரையை அடுத்துள்ள பரவை காய்கறிச் சந்தை, நகரின் பூச்சந்தை, பேருந்து நிலையங்கள், மருத்துவமனைகள், நூற்பாலைகள் ஆகியவற்றில் இரவிலும் விடியலுக்கு முன்பும் பணி செய்வோர் பலர் உள்ளனர்.

இரவுப் பணியாளரின் சிக்கல் வானூர்திப் பயணியின் சிக்கலை விடக் கடினமானது. பயணி சென்ற ஊரில் சூரியனும் மக்களும் புதிய நேரத்தையே காட்டுவதால், சில நாட்களில் அவரது கடிகாரம் திருந்திவிடும். இரவு முழுதும் மூட்டை இறக்கியவரோ காலையில் வெயிலில் வீடு திரும்புகின்றார். அவ்வொளி அவரது கடிகாரத்தைப் பகலோடு பிணைத்துவிடுகின்றது. வீட்டில் உள்ளோரும் பகல் வாழ்க்கையே வாழ்கின்றனர். விடுமுறை நாளில் அவரும் இரவில் உறங்குகின்றார். எனவே கடிகாரம் முழுமையாகத் திரும்புவதே இல்லை.

2014 ஆம் ஆண்டுக் காக்ரேன் மீளாய்வு, இரவுப் பணிக்குப் பின் எடுக்கும் மெலட்டோனின் பகலுறக்கத்தை ஏறத்தாழ 24 நிமிடங்கள் கூட்டக்கூடும் என்றும், ஆனால் இதற்கான சான்றுகள் வலுவற்றவை என்றும் கூறியது. இருட்டாக்கப்பட்ட அறை, பணி முடிந்து திரும்பும்போது குளிர்கண்ணாடி, அடிக்கடி மாறாத பணிமுறை ஆகியவையும் பகலுறக்கத்திற்கு உதவும். மாத்திரை எடுத்தபின் வண்டி ஓட்டுதல் கூடாது என்பதால், பணியிடத்திலேயே அதனை எடுத்துக்கொண்டு வீட்டிற்குக் கிளம்புதல் ஆபத்தானது.

அளவும் நேரமும்

மெலட்டோனினைப் பொறுத்தவரை, எவ்வளவு எடுப்பது என்பதைப் போலவே எப்போது எடுப்பது என்பதும் முதன்மையானதாகும். மாலையில் எடுத்தால் அது கடிகாரத்தை முன்னகர்த்தும். காலையில் எடுத்தால் பின்தள்ளும்.

எடுத்துக்காட்டாக, வழக்கமாக இரவு 3 மணிக்கு உறங்கும் ஒரு மாணவரின் உடலில் மெலட்டோனின் ஏறத்தாழ 1 மணிக்குச் சுரக்கத் தொடங்கும். அவர் 3 மணிக்கு மாத்திரை எடுத்தால், உடலில் முன்பே உள்ள பொருளோடு இன்னும் கொஞ்சம் சேருமேயன்றிக் கடிகாரம் பெரிதாக நகராது. இரவு 9 மணியளவில் எடுத்தால், இரவு முன்னதாகவே தொடங்கிவிட்டதாக உடல் கொள்ளும். அதன்பின் நள்ளிரவு வரை ஒளிமிக்க திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் மாத்திரையின் பயனை ஒளி அழித்துவிடும். காலை வெயில் படும்படி எழுவது இம்மருத்துவத்தின் மறுபாதியாகும்.

கடைகளில் 3, 5, 10 மில்லிகிராம் மாத்திரைகள் கிடைக்கின்றன. ஆனால் 0.3 முதல் 0.5 மில்லிகிராம் வரையிலான அளவே கடிகாரத்தை நகர்த்தப் போதுமானதாக இருக்கலாம். அளவு கூடினால் மருந்து காலை வரை குருதியில் தங்கி, தவறான நேரத்திலும் இரவுச் செய்தியைத் தந்துகொண்டிருக்கும்.

பக்க விளைவுகளும் எச்சரிக்கைகளும்

குறுகிய காலப் பயன்பாட்டில் தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், பகல் தூக்கம் ஆகியவை ஏற்படலாம். பின்வருவோர் மருத்துவரைக் கேளாமல் இதனைப் பயன்படுத்தக் கூடாது:

- கருவுற்றோர், பாலூட்டும் தாய்மார்
- வார்பரின் போன்ற குருதி உறைவுத் தடுப்பு மருந்து எடுப்போர்
- வலிப்பு நோய், தன்னெதிர்ப்பு நோய் உள்ளோர்
- புளூவொக்சமின் என்னும் மனச்சோர்வு மருந்து எடுப்போர் (இம்மருந்து குருதியில் மெலட்டோனின் அளவைப் பன்மடங்கு உயர்த்தும்)

நீண்ட காலப் பயன்பாட்டின் விளைவுகள் போதிய அளவு ஆராயப்படவில்லை. ஓராண்டுக்கு மேல் மெலட்டோனின் எடுத்தோரில் இதயச் செயலிழப்பு மிகுதியாகக் காணப்பட்டதாக 2025 நவம்பரில் அமெரிக்க இதயச் சங்க மாநாட்டில் ஓர் ஆய்வு முன்வைக்கப்பட்டது. அது நோக்காய்வு மட்டுமே என்பதால், மெலட்டோனின்தான் காரணம் என்று அதைக்கொண்டு முடிவு செய்ய இயலாது.

உரத்த குறட்டையும் உறக்கத்தில் மூச்சுத் தடையும் உள்ளவருக்கு மெலட்டோனின் தீர்வாகாது. மாத்திரையால் காலம் கடத்தினால் உண்மையான நோய் கண்டறியப்படாமல் போகும்.

தரக் கட்டுப்பாடு

அமெரிக்காவிலும் கனடாவிலும் மெலட்டோனின் மருத்துவர் சீட்டு இல்லாமலேயே விற்கப்படுகின்றது. கனடாவில் வாங்கப்பட்ட 31 தயாரிப்புகளை ஆராய்ந்து 2017 இல் வெளியான ஆய்வில், உள்ளிருந்த மெலட்டோனின் அளவு, மேலுறையில் குறிப்பிட்டதை விட 83 விழுக்காடு குறைவிலிருந்து 478 விழுக்காடு கூடுதல் வரை வேறுபட்டது. எட்டுத் தயாரிப்புகளில் செரட்டோனினும் கலந்திருந்தது. மிட்டாய் வடிவில் விற்கப்படுபவற்றைச் சிறுவர் தின்பண்டம் என்று கருதி உண்ணும் ஆபத்தும் உள்ளதால், அவை குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கப்பட வேண்டும்.

இவற்றையும் பார்க்க

- உயிரியல் கடிகாரம்
- உறக்கம்
- கூம்புச் சுரப்பி
- மதுரை காமராசர் பல்கலைக்கழகம்